ரமணன் மாமாவின் உபகாரம்

தம்பி,

"இதிலை என்னம்மா கிடக்கு, எல்லா டொக்டர்மாரும் போறவை தானே" என்று ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டாய். நான் மறுமொழி சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. கிட்டத்தட்ட அதே சொற்களை ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன், என்னை நம்பி வந்து நின்ற ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே. அதனால்தான் எனக்கு வாய் எழவில்லை. உன் கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. நல்ல காரியத்தை வைத்துக்கொண்டு அம்மா என்னத்தை எழுதுகிறாள் என்று உனக்கு மனம் சலிக்கும். சலித்தாலும் ஒரே இருப்பில் இருந்து வாசித்து முடி.

இதை நான் உனக்கு மட்டும் எழுதவில்லை. நீ முடிக்கப்போகிற அபிராமியும் அவளுடைய தாய் தகப்பனும் வாசிக்க வேண்டும். இன்னும் பலர் வாசிப்பார்கள். அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். ஆகவே உனக்குத் தெரிந்தவற்றையும் தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போகிறேன், பொறுத்துக்கொள்.

போன வெள்ளிக்கிழமை காலை ரமணன் மல்லாவியில் என் வீட்டுக்கு வந்தான். ஆஸ்பத்திரிகளுக்கு மெஷினும் மருத்துவச் சாமான்களும் விற்கிற கொழும்புக் கம்பனி ஒன்றில் முன்பு பிரதிநிதியாக ஓடித்திரிந்தவன், இப்போது வடக்கு முழுவதற்கும் மனேஜர். உனக்கு அவன் ரமணன் மாமா. எனக்கு ஒரு கூச்சமும் இல்லாமல் வீட்டுக்குள் வந்து, குசினியில் தண்ணீர் அள்ளிக் குடிக்கிற, கூடப்பிறக்காத தம்பி. ஒரு பெட்டி பழமும் எனக்கு ஒரு சேலையும் கொண்டுவந்திருந்தான். போகும்போது ஒரு கடித உறையை மேசையில் வைத்தான். உனக்கும் அபிராமிக்கும் சிங்கப்பூர் போய்வர விமானச் சீட்டு, பத்து நாள் தங்குவதற்கு ஹோட்டல். "பேப்பரிலை மருத்துவக் கருத்தரங்கு எண்டு கிடக்கும் அக்கா, அது சும்மா ஒரு வழமை. இது கலியாணப் பரிசு" என்றான். கேற்றடியில் நின்று செருப்பைக் கொழுவிக்கொண்டே இன்னொன்றும் சொன்னான். "டொக்டர் தம்பி தானே இப்ப அந்த டயாலிசிஸ் மெஷின் எடுக்கிற குழுவிலை இருக்கிறார். நான் ஒண்டும் கேக்கேல்லை அக்கா. நாங்கள் குடும்பம் தானே."

சனிக்கிழமை அந்த உறையைப் பதிவுத்தபாலில் அவனுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, போன் எடுத்தும் சொன்னேன். ஞாயிறு நீ எனக்குப் போன் எடுத்தாய். அவன் உனக்குச் சொல்லியிருக்கிறான், அம்மாவுக்கு என்ன வந்தது என்று நீ கேட்டாய். என்ன வந்தது என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ரமணன் கெட்டவன் இல்லை. இதை நீ முதலில் மனதில் வைத்துக்கொள். கெட்டவனிடம் ஏமாறாமல் இருக்க உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. கொழுத்த கவரோடு வந்து கண்ணடிக்கிற ஆளை நானும் வார்ட் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன், ஒரு தடவை அல்ல. அதனால் நான் நேர்மையானவள் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் ஏறிப்போயிருக்கிறது. நீ பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது, யுத்தம் முடிந்து முகாமில் இருந்து திரும்பி வந்தோமே, அப்போது எங்கள் வீட்டில் இருந்த தறப்பாள், வாளி, சட்டி, நுளம்புவலை, நீ பள்ளிக்கூடம் போன சைக்கிள், எல்லாவற்றிலும் யாரோ ஒரு நிறுவனத்தின் பெயர் அச்சடித்திருந்தது. ஏன் தருகிறீர்கள் என்று கேட்கிற நிலையில் நாங்கள் இருக்கவில்லை. வரிசையில் நின்றோம், கையெழுத்து வைத்தோம், படம் எடுக்க நின்று சிரித்தோம், வாங்கினோம். உயிர் தப்பி வந்த சனம் வாங்கத்தான் வேண்டும். ஆனால் தேவை முடிந்த பிறகும் அந்தக் கை நீட்டியபடியே நின்றுவிட்டது. நான் பொறுப்புத் தாதியாக இருந்த வார்டும் அப்படித்தான். கூரை மட்டும்தான் இருந்தது. ரமணனின் கம்பனி சுவர் ஃபான் தந்தது, தண்ணீர் வடிகட்டி தந்தது, வருத்தக்காரரோடு நிற்கிற சனம் இருக்கக் கதிரை தந்தது. எல்லாவற்றுக்கும் நான் நன்றி சொன்னேன். ஆஸ்பத்திரி அத்தியட்சகருக்கு ஒரு துண்டுக் கடிதமாவது எழுதிப் பதிவில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லை. வார்டுக்குத்தானே வந்தது, என் வீட்டுக்கா வந்தது என்று இருந்துவிட்டேன்.

பிறகு வீட்டுக்கும் வந்தது. எட்டு வருடத்துக்கு முன் அப்பாவை நெஞ்சு ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குக் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். நீ அப்போது யாழ்ப்பாணத்தில் மருத்துவபீட இரண்டாம் வருடம், சோதனை நடந்துகொண்டிருந்தது. முப்பது வருடம் தாதியாக வேலை செய்தவள் நான், எத்தனையோ பேருடைய பிரேதத்தைச் சுற்றி அனுப்பியிருக்கிறேன். ஆனால் என்னுடைய மனிதரை அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து எப்படி வெளியே எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. படிவங்கள் எல்லாம் சிங்களத்தில். பிரேதம் ஏற்றுகிற வாகனக்காரர்கள் வன்னி என்றதும் தலையை ஆட்டினார்கள். யாருக்குப் போன் எடுப்பது என்று தெரியாமல் ரமணனுக்கு எடுத்தேன். ஒரு மணித்தியாலத்தில் வந்து நின்றான். படிவம் நிரப்பினான், பெட்டி எடுத்தான், கம்பனி வானின் சீற்றுகளைக் கழற்றிவிட்டு அதில் அப்பாவை ஏற்றினான். முழு வழியும் அவனே ஓட்டினான். ஓமந்தை தாண்டினதும் "அக்கா, அழுறதெண்டா இப்ப அழுங்கோ, வீட்டை போனா உங்களை அழ விடமாட்டினம்" என்றான். நீ பஸ்ஸில் வந்து சேருமுன் அவன்தான் பெட்டிக்குத் தோள் கொடுத்து இறக்கினான்.

அந்த வான் கம்பனியின் வான் என்பது அன்றைக்கு என் மனதில் படவில்லை. பட்டிருந்தாலும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். இன்றைக்கு அந்த நிலை வந்தாலும் சொல்ல மாட்டேன். பிழை அந்த வானில் இல்லை, தம்பி. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே அத்தியட்சகரிடம் போய், "சேர், இந்த மனிசன் எனக்கு இப்பிடி ஒரு உதவி செய்திட்டார், இனி இவருடைய கம்பனிச் சாமான் பற்றி என்னட்டை அபிப்பிராயம் கேக்காதேங்கோ" என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நிமிடக் கதை. அதைச் சொல்லாமல் விட்டதுதான் பிழை. சொன்னால் என் துக்கத்தை நானே விலைபேசுவதுபோல இருக்கும் என்று நினைத்தேன்.

இன்னும் ஒன்று. நீ மூன்றாம் வருடத்தில் வார்டுக்குப் போகத் தொடங்கியபோது உனக்கு ஒரு ஸ்டெதஸ்கோப் தந்தேன். அப்பாவின் காசில் வாங்கினது என்று சொன்னேன். நீ அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். அது பொய். ரமணன் கொண்டுவந்து தந்தது. உன்னுடைய அந்த முகத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே வருடம் அவனுடைய கம்பனி இரத்தத்தில் சீனி பார்க்கிற சின்ன மெஷினையும் அதற்கான ஸ்ட்ரிப்பையும் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கத் தொடங்கியது. விரலில் குத்தி ஒரு துளி வைத்துப் பார்ப்பது, நீ தினமும் செய்கிறதுதான். வாங்குகிற குழு, ஒரு மாதம் பாவித்துப் பார்த்து அறிக்கை தரும்படி என்னைக் கேட்டது. சீனி வருத்தக்காரர் கூடுதலாக இருக்கிற வார்ட் என்னுடையது. நான் இரண்டாம் கிழமையிலேயே "திருப்தி" என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். ரமணன் கேட்கக்கூட இல்லை. கேட்காமலே செய்தேன்.

என் வார்டில் சிவதர்சினி என்று ஒரு தாதி இருந்தாள். புதுக்குடியிருப்புப் பிள்ளை, வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான். குறைவாகக் கதைப்பாள், எல்லாவற்றையும் இரண்டு முறை பார்ப்பாள். ஒருநாள் காலை ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். பதினொரு வருத்தக்காரரின் பெயர், மெஷின் காட்டின அளவு, அதே நேரம் எடுத்த இரத்தத்துக்கு லாப் சொன்ன அளவு.

"சிஸ்டர், இந்த ஸ்ட்ரிப் கூடக் காட்டுது. பதினொரு பேருக்கும் கூடத்தான்."

"லாப்புக்கு இரத்தம் பிந்திப் போனா அங்கை குறைஞ்சுதான் காட்டும்" என்றேன். அது உண்மையும்தான். உண்மையைக் கொண்டு உண்மையை மூடுவது மிகச் சுலபம்.

"நான் கையோடை கொண்டு ஓடிப்போய்க் குடுத்தனான் சிஸ்டர்."

"இதிலை என்ன பிள்ளை கிடக்கு, எல்லா ஆஸ்பத்திரியிலும் இதைத்தானே பாவிக்கினம்."

அவள் தாளை எடுக்காமல் போனாள். நான் ரமணனுக்கு எடுத்தேன். "ஒரு பெட்டி வெயிலிலை கிடந்து பழுதாப் போயிருக்கும் அக்கா. புதுசு கொண்டந்து தாறன். எழுத்திலை மட்டும் போட்டிடாதேங்கோ. என்ரை வேலை போயிடும்" என்றான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள், படுக்கையில் கிடக்கிற தாய். இரண்டாம் நாள் புதுப் பெட்டிகள் வந்தன, இனிச் சரி என்று சிவதர்சினிக்குச் சொன்னேன். பழைய பெட்டியில் இருந்த அதே தொகுதி இலக்கம் புதிதிலும் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று நினைத்துப் பார்க்காமல் விட்டேன் என்று எழுதுவதுதான் சரி.

மூன்று கிழமைக்குப் பிறகு பெருமாள் என்பவர் என் வார்டில் இருந்தார். அக்கராயன் பக்கம் ஒரு குடியேற்றத்தில் இருந்து வந்தவர். அவருடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்த சனம். குளத்துத் தண்ணீரில் கொஞ்ச வயல் செய்தார், மீதி நாளில் கூலிக்குப் போனார். நாற்பத்தாறு வயது. காலில் ஆறாத புண், சீனி வருத்தம். மனைவி காளியம்மா கட்டிலைவிட்டு நகரமாட்டா. மூத்த மகள் செல்வி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள், மத்தியானம் சனம் பார்க்க விடுகிற நேரத்தில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு வருவாள்.

பெருமாளின் சீனி இறங்கவே இல்லை என்று மெஷின் காட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காலையிலும் கூடுதலாகவே காட்டியது. டொக்டர் எழுதிவைத்த அளவுப்படி, மெஷின் காட்டியதற்கு ஏற்ற இன்சுலினை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் சிவதர்சினி போட்டாள். அவர் இரண்டு வாய்ச் சோறும் சாப்பிடவில்லை. ஒரு மணி அளவில் காளியம்மா என் மேசைக்கு ஓடி வந்தா.

"மிஸ்ஸி, அவருக்கு வேர்த்துக் கொட்டுதுங்க. பேச்சும் ஒரு மாதிரி இருக்கு. சீனி கொறைஞ்சா வீட்டுலயும் இப்பிடித்தாங்க வரும். இனிப்பா ஒரு தேத்தண்ணி கொடுக்கவா?"

நான் போய்ப் பார்த்தேன். முகம், கழுத்து, சேர்ட் எல்லாம் நனைந்திருந்தது. கையைப் பிடித்தேன், குளிர்ந்திருந்தது. முப்பது வருடத்து அனுபவத்தில் அந்தக் கை எனக்குச் சொன்னது, சீனி இறங்கிவிட்டது என்று. மெஷினை வைத்துப் பார்த்தேன், இருநூற்றுத் தொண்ணூறு, மிகக் கூடுதல். சிவதர்சினி எனக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னாள். "சிஸ்டர், மெஷினை விடுங்கோ. குளுக்கோஸ் குடுத்துப் பாப்பம்."

அந்த இடத்தில் எனக்குள் ஓடினதை நான் ஏழு வருடமாகத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறேன். மெஷின் பிழை என்று அப்போது ஒத்துக்கொண்டால் மூன்று கிழமையாக அது பிழை. என் மேசை லாச்சியில் இருக்கிற தாள் சரி. நான் வைத்த கையெழுத்துப் பிழை. இத்தனையும் ஒரு கணத்தில் ஓடியது. ரமணனின் முகம் ஓடவில்லை, வான் ஓடவில்லை. யாரும் அந்த நேரத்தில் பரிசை நினைப்பதில்லை. தான் பிழைவிடவில்லை என்பதை மட்டும்தான் நினைக்கிறோம்.

காளியம்மா போத்தல் மூடியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தா. நான் அதைத் தட்டிப் பறித்தேன். "உங்களுக்கு எத்தினை தரம் சொல்லுறது? நீங்கள் வீட்டிலை இருந்து கொண்டந்து களவாத் தீத்திறதாலைதான் இவருக்குச் சீனி இறங்குதில்லை. மனிசனைக் கொல்லப்போறியளோ?" வார்ட் முழுக்கக் கேட்கிற சத்தத்தில்தான் சொன்னேன். செல்வி வாசலில் நின்றாள். காளியம்மா தலையைக் குனிந்துகொண்டா.

அரை மணித்தியாலத்தில் வலிப்பு வந்தது. டொக்டர் வந்து இரத்தம் எடுத்து லாப்புக்கு அனுப்பிவிட்டு, என்னைக் கேட்காமலே குளுக்கோஸ் ஏற்றினார். லாப்பில் இருந்து வந்த அளவு இருபத்திரண்டு. அதன் அர்த்தம் உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: மூளைக்குப் போகச் சீனி இல்லை. பெருமாள் கண் திறக்கவில்லை. நாலாம் நாள் இறந்தார்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். "இந்த மெஷினைப் பற்றி முன்னமே ஏதும் முறைப்பாடு வந்ததோ?" என்று என்னைக் கேட்டார்கள். "இல்லை" என்றேன். சிவதர்சினி எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அவளிடம் அந்தத் தாளின் பிரதி இல்லை. இன்சுலின் போட்டவள் அவள், போட்ட பிறகு கவனிக்கத் தவறினாள் என்று எழுதி, சம்பள உயர்வை நிறுத்தி, தூரத்துக்கு மாற்றினார்கள். போகிற அன்று சாவிக் கொத்தைத் தர என்னிடம் வந்தாள். அழவில்லை, ஏசவில்லை. "சிஸ்டர், அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போடாதேங்கோ" என்று மட்டும் சொன்னாள். கிழிக்கவில்லை. என்னிடம் இருக்கிற ஒரே நல்ல காரியம் அதுதான். சில மாதத்தில் கம்பனி அந்த ஸ்ட்ரிப்புகளைச் சத்தமில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டது. ரமணன் என் முன்னால் இருந்து அழுதான். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "அக்கா, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லைத் தானே?" என்று கேட்டான்.

இப்போது உன்னுடைய விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆஸ்பத்திரிக்கு இரத்தச் சுத்திகரிப்பு மெஷின் எடுக்கப் போகிறார்கள். எந்த மெஷின் என்று சொல்கிற குழுவில் நீ இருக்கிறாய். விண்ணப்பித்த கம்பனிகளில் ஒன்று ரமணனுடையது. அவனுடைய மெஷின் நல்ல மெஷினாகவே இருக்கலாம். நீயும் நேர்மையாகவே பார்க்கலாம். ஆனால் அந்த மெஷினில் ஒரு குறை கண்டால் அதை எழுத உன் கை எவ்வளவு நேரம் தயங்கும் என்பது உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. கிழமைக்கு மூன்று தரம் பஸ் ஏறி வந்து, அந்த மெஷினோடு கையைக் கட்டிக்கொண்டு படுக்கப் போகிறவர்கள் வவுனியா, செட்டிகுளம் பக்கத்து வயல்காரர்கள். எந்தக் கம்பனி, யார் கையெழுத்து என்று அவர்கள் கேட்கப் போவதில்லை. காளியம்மாவும் கேட்கவில்லை.

ஆகவே வருகிற திங்கட்கிழமை குழுத் தலைவரிடம் போ. வாயால் சொல்லாதே, எழுதிக் கொடு. இந்தக் கம்பனியின் மனேஜர் எங்கள் குடும்பத்துக்கு வேண்டியவர், தகப்பனின் பிரேதத்தை ஏற்றி வந்தவர், கலியாணத்துக்குப் பரிசு தந்தவர், ஆகவே இதில் நான் இருக்க முடியாது என்று எழுது. வெட்கமாகத்தான் இருக்கும். "நாங்கள் குடும்பம் தானே" என்று அவனே சொல்லிவிட்டான். குடும்பம் என்றால் அவனுடைய மெஷினைப் பற்றிக் கதைக்க உனக்கு வாய் இல்லை. அவனைக் கலியாணத்துக்குக் கூப்பிடு. முன்வரிசையில் இருத்து, வயிறாரச் சாப்பாடு போடு. அவன் அப்பாவைக் கொண்டுவந்தவன், அந்த நன்றியைக் கொல்லச் சொல்லவில்லை. நன்றியை நம் வீட்டுச் சாமானால் தீர்க்க வேண்டும், ஆஸ்பத்திரிச் சாமானால் தீர்க்கக்கூடாது. இனிமேல் உன்னுடைய பிரிவுக்கு யார் எதைத் தந்தாலும், ஒரு மின்விசிறி என்றாலும், கடிதத்தோடு ஆஸ்பத்திரிக்குத் தரட்டும், பதிவில் ஏறட்டும், உன் கையில் வாங்காதே. உனக்குக் கீழே ஒரு பிள்ளை தாளோடு வந்து நின்றால், அந்தத் தாளுக்கு அன்றைக்கே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பு.

போன திங்கட்கிழமை நான் இரண்டு பஸ் மாறி அக்கராயனுக்குப் போனேன். விசாரித்து விசாரித்துக் காளியம்மாவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவ என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டா. கதிரை போட்டா. இருக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், தாளைப் பற்றியும் சொன்னேன்.

"அப்ப அன்னிக்கு அவருக்குச் சீனி கூடலையா மிஸ்ஸி?"

"இல்லை. குறைஞ்சிருந்தது."

"அந்தத் தேத்தண்ணிய நான் கொடுத்திருந்தா?"

"இருந்திருப்பார்" என்றேன். வேறு எந்தச் சொல்லும் பொய்யாகப் போயிருக்கும்.

அவ வாயைச் சேலையால் பொத்திக்கொண்டா. பிறகுதான் சொன்னா. அன்றைக்குக் காலை கோயில் சர்க்கரைப் பொங்கல் ஒரு கைப்பிடி அவருக்குக் கொடுத்திருந்தாவாம். அவர் ஆசையாகக் கேட்டாராம். நான் ஏசினபோது அதுதான் காரணம் என்று நினைத்தா. "நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சேனுங்க. மூத்தவளும் அப்பிடித்தான் நெனக்கிறா. நீங்க ஏசினத அவ கேட்டுக்கிட்டு நின்னாள்ல. ஏழு வருசமா எங்கூடப் பேசுறதில்ல. கல்யாணத்துக்குக்கூட என்னயக் கூப்பிடல."

தம்பி, ஒரு மனிதரின் சாவு மட்டும்தான் என் தலையில் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். அவருடைய வீட்டில் ஏழு வருடமாக என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் ஒருநாளும் போகவில்லை.

நேற்று, புதன்கிழமை, காளியம்மாவைக் கூட்டிக்கொண்டு புதுக்குடியிருப்புக்குப் போனேன். செல்வி அங்கே கலியாணம் முடித்து, வீட்டோடு சேர்ந்த தகரக் கொட்டிலில் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக் கொடுக்கிறாள். தாயைக் கண்டதும் முகம் இறுகிவிட்டது. என்னைக் கண்டதும் யார் என்று விளங்கிவிட்டது. தனியாகக் கதைக்கலாமா என்று கேட்டேன். வேலியோரமாக வந்து நின்றாள். அவளுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்த பிறகு கேட்டாள்.

"எங்கம்மாவ ஏசினது வார்ட் முழுக்கக் கேட்டுச்சு. இத மட்டும் ஏன் வேலியோரத்துல வந்து சொல்றீங்க?"

அவள் கொட்டில் பக்கம் கையைக் காட்டினாள்.

"எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லுங்க. அப்புறம் எங்கிட்ட வாங்க."

தாயின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்குள் யார் அழுதது என்று எனக்குத் தெரியவில்லை. கொட்டிலில் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பஸ் எடுக்க நடந்தேன்.

இன்று காலை சிவதர்சினியின் தாளையும் என் வாக்குமூலத்தையும் சுகாதாரத் திணைக்களத்துக்குப் பதிவுத்தபாலில் அனுப்பிவிட்டேன். அவளுக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. அவளுக்கு எடுத்தேன், என் குரலைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். என் பென்சனை நிறுத்தலாம், பொலிசுக்கும் போகலாம். அபிராமி வீட்டார் கலியாணத்தைத் தள்ளிவைத்தால் அவர்களோடு சண்டை பிடிக்காதே. நான் மேடைக்கு வரக்கூடாது என்றால் வரமாட்டேன். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். உனக்கு எழுதுகிற கடிதத்தை ஊர் ஏன் வாசிக்க வேண்டும் என்று கேட்டால், செல்வி கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த மறுமொழி இது ஒன்றுதான்.

எல்லாருக்கும் கேட்கச் சொல்கிறேன். பெருமாளுக்குக் காளியம்மா கொடுத்த ஒரு கைப்பிடிப் பொங்கலால் ஒன்றும் நடக்கவில்லை. அவ கொடுக்க நினைத்த தேத்தண்ணீர் சரியான மருந்து. அதைப் பறித்தது நான். சிவதர்சினி தன் வேலையில் ஒரு பிழையும் விடவில்லை. அவள் சொன்னதைக் கேட்காதது நான். முறைப்பாடு வந்ததா என்று கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னதும் நான்தான்.

அம்மா